ஹம்மில் பிரிந்தோம்

எந்த வாகனத்தில் ஏறினாலும்
இவருக்கு முதலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்.
பீலஃபெல்டில் ஏறி, இருக்கை எண் பார்த்து,
கழற்றியாயிற்று.
நாற்பத்து மூன்றாம் அளவு, கறுப்பு.
பவளராணி அக்காவின் கடைசி மகனுக்குக் கல்யாணமென்று
இரவிரவாய்த் துடைத்து மினுக்கியது.

மூன்று நாளாய் நாங்கள் கதைப்பதில்லை.
காரணம் ஒரு யோகட் கோப்பை.
பேப்பர் உறையைக் கழற்றி நீலத் தொட்டி,
மூடி வேறு கோப்பை வேறாக மஞ்சள் தொட்டி
என்று இருபத்திரண்டு வருடமாய்ச் சொல்கிறேன்.
"எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சு
என்னத்தைக் கண்டனீர்?" என்றார்.
அதற்குமேல் இரண்டு பேரும் சொன்னவை
இங்கே வேண்டாம்.

கதைப்பதில்லை என்றானபின்
காது கொடுப்பதும் இல்லை.
ஒலிபெருக்கி மூன்று தரம் சொன்னதாம்,
ஹம்மில் ரயில் இரண்டாய்ப் பிரியும்,
முன்பாதி வூப்பெர்டாலுக்கு,
பின்பாதி டியூசல்டோர்ஃபுக்கு.
நான் ஜன்னலைப் பார்த்துக் கோபமாயிருந்தேன்.
இவர் என்னைப் பாராமல்.

ஹம்மில் நின்றது.
ஒரு சிகரெட்டுக்கு நேரமிருக்கிறதென்று
மேசோடு இறங்கினார்.
விசில் கேட்டது.
முன்னால் திறந்திருந்த கதவுக்குள்
இருபது வயதுக்காரன் மாதிரிப் பாய்ந்தார்.
ரயில் புறப்பட்டது.
நான் புறப்படவில்லை.

இவருடைய போன் என் பக்கத்தில் சார்ஜில்.
பயணச்சீட்டு போனுக்குள்.
இருக்கைக்கடியில் சப்பாத்து இரண்டும்
மூக்கோடு மூக்கு முட்டியபடி,
ஏற்கெனவே சமாதானமாகி விட்டவை போல.

சீட்டுப் பார்க்க வந்த பெண்ணின் சட்டையில்
வீப்கே என்று பெயர்.
இரண்டு பேருக்குச் சீட்டு, மற்றவர் எங்கே?
பதற்றத்தில் கைக்கு வந்த ஜெர்மனைப் பொறுக்கி
"நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்றேன்.
அவள் முகம் வாடியது.
குரலைத் தாழ்த்தி,
"எவ்வளவு காலமாகிறது?"
"பத்து நிமிடம்."

சப்பாத்தைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்.
உதட்டைக் கடித்தாள், தொப்பியைச் சரிசெய்தாள்,
ஒன்றும் உதவவில்லை.
தோள் குலுங்கத் தொடங்கியது.
எனக்கும்.
மூன்று நாளாய்த் தொண்டைக்குள் கிடந்த கல்
தண்ணியாய்க் கரைந்து கண்ணால் வந்தது.
முன் இருக்கையில் குறுக்கெழுத்து நிரப்பிய கிழவர்
சுவரிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார்,
உதட்டில் விரல் வைத்த முகம்:
அமைதிப் பெட்டி.
அதோடு எங்கள் கதை முடிந்தது,
வீப்கே சீட்டுக் கருவியாலேயே
முகத்தை மூடிக்கொண்டாள்.

டோர்ட்முண்ட் தாண்ட என் போன் அடித்தது.
தெரியாத இலக்கம்.
உலகத்தில் இவருக்கு மனப்பாடமானது
என் இலக்கம் ஒன்றுதான்,
அது எனக்கு அன்றுதான் தெரியும்.
"நான்தான்."
"எங்க?"
"ஹாகன்."
"காலில?"
"மேஸ்."
"நனைஞ்சிட்டுதோ?"
"ஒண்டு."

டியூசல்டோர்ஃப் மேடையில் ஒரு மணி நேரம்
சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
போவோர் வருவோர் பார்த்தார்கள்.
பட்டுச்சேலை, பூ, ஆம்பிளைச் சப்பாத்து.
பார்க்கட்டும்.

நகர ரயிலிலிருந்து இறங்கி வந்தார்.
மேலே கோட், கழுத்துப்பட்டி.
கீழே இரண்டு பாண் பைகள்,
கணுக்காலில் ரப்பர் வளையம் போட்டு.
வூப்பெர்டால் பேக்கரிக்காரி பாவம் பார்த்துத் தந்ததாம்.
மழைக்கு அதுவும் கிழிந்து
பெருவிரல் எட்டிப் பார்த்தது.
அபராதம் அறுபது யூரோ,
தாள் கோட்டுப் பையில் இருக்கிறது,
அதைப் பிறகு பார்ப்போம்.

சப்பாத்தைப் போட்டு எழும்பினார்.
கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு
நாலு வாய்க் குப்பைத்தொட்டிக்கு முன்னால் நின்றார்.
பேப்பர், கண்ணாடி, பொதியுறை, மிச்சம்.
கன நேரம் நின்றார்.
பிறகு வளையம் இரண்டையும் மெல்ல உருவி எடுத்து,
திரும்பி என்னைப் பார்த்தார்.
"இது எதுக்குள்ள?"

சிரிப்பில் எனக்குப் பதில் வரவில்லை.
கையை மட்டும் ஆட்டினேன்.
வளையத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தாலி கட்டி முடிஞ்சிருக்கும்" என்றேன்.
"சாப்பாடு முடிஞ்சிராது" என்றார்,
சப்பாத்துக்குள் ஒரு கால் சளக் சளக்கென்று
எனக்கு முன்னால் நடந்து.